தரம்: கழுவியது

பல் டாக்டருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. வலிக்கவே வலிக்காது என்று நோயாளிகளிடம் சொல்வதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்; அது தொழில். ஆனால் அந்தத் திங்கட்கிழமை அவர் அவிழ்த்துவிட்ட புளுகு இருக்கிறதே, அதற்கு எந்தத் தொழிலிலும் மன்னிப்புக் கிடையாது.

அவருடைய கிளினிக் ரயில் நிலையத்துக்கு நேர் எதிரே, மாடியில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் போதும், நிலையத்து அறிவிப்பு உள்ளே வந்துவிடும். ஒரு பெண்ணின் குரல். வண்டி தாமதம் என்பதைக்கூட ஏதோ நல்ல சேதி போலச் சொல்லும் குரல். அது கேட்கும்போதெல்லாம் டாக்டரின் கை ஒரு நொடி நிற்கும். நாற்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகாத மனிதர், முகம் தெரியாத ஒரு குரலுக்காக வெயிலானாலும் மழையானாலும் அந்த ஜன்னலை மூடியதில்லை. வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கும் அவருடைய அக்காவுக்கு இது தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டாள்.

அன்றைக்கு அந்தக் குரலே முன்பல் உடைந்து வந்து நாற்காலியில் சாய்ந்தது.

"பேசினா விசில் வருது டாக்டர். காலையில அறிவிப்பு சொன்னேன், பிளாட்பாரத்துல தூங்கிட்டிருந்த நாய் எழுந்து ஓடியே வந்துடுச்சு."

குரலை அடையாளம் தெரிந்துகொண்ட டாக்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "எப்படி உடைஞ்சுது?" என்று ஒருவழியாகக் கேட்டார்.

"நான் பழைய நாணயம் சேக்கறேன். ஒவ்வொண்ணையும் அட்டைக்குள்ள வெச்சு, சுத்தி ஸ்டேப்ளர் பின் அடிச்சு வெப்போம். நேத்து ஒண்ணைப் பிரிக்கற அவசரத்துல பின்னைப் பல்லால இழுத்துட்டேன்."

வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் பல்லின் அருமை பற்றி அரை மணி நேரம் வகுப்பு எடுத்திருப்பார். அன்றைக்கு நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது. "அட, நானும் சேக்கறேனே!" என்றார்.

வாய்க்குள் கண்ணாடியும் குழாயும் இருந்ததால் அவளால் பதில் சொல்ல முடியவில்லை. கண்கள் மட்டும் அகல விரிந்தன. பல் நிறப் பசை இறுகி, விசில் நின்று, வாய் அவள் வசம் திரும்பியதும் முதலில் கேட்டது இதைத்தான்: "ஞாயித்துக்கிழமை வந்து பாக்கலாமா?"

"தாராளமா!"

அவள் படியிறங்கிப் போன பிறகு அக்கா உள்ளே எட்டிப் பார்த்தாள். "எதைடா சேக்கறே நீ? பிடுங்கின பல்லையா?"

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். காப்பாற்றியதும் அக்காதான். பல் டாக்டரின் நாற்காலி பின்னால் சாயும்போது படுத்திருப்பவரின் பையில் இருக்கும் சில்லறை நழுவி மெத்தை இடுக்கில் போய் ஒளிந்துகொள்ளும். வாய் மரத்துப் போனவருக்குப் பையின் நினைவு எங்கே வரும்? நாற்காலியைத் துடைக்கும்போது கிடைப்பதையெல்லாம் அக்கா ஒரு பெரிய பஞ்சு ஜாடியில் போட்டு வைத்திருந்தாள். யாராவது கேட்டு வந்தால் கொடுப்பதற்கு. ஒருவரும் வரவில்லை. எதிரே ரயில் நிலையம் என்பதால் எந்தெந்த நாட்டு நாணயமோ அதில் கிடந்தது.

அன்றைக்கு நாற்காலியைத் துடைத்ததில் கிடைத்ததையும் அதிலேயே போட்டு, "இந்தா, உன் சேகரிப்பு" என்று மேசை மேல் வைத்தாள்.

டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே நூலகத்திலிருந்து நாணயம் சேகரிப்போருக்கான கையேடு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். முன்பக்கம், பின்பக்கம், இதுகூடவா தெரியாது என்று அலட்சியமாகத்தான் ஆரம்பித்தார். போகப் போகப் பைத்தியம் பிடித்துவிட்டது. நாணயத்தின் முகத்தைச் சுற்றி வளையமாக எழும்பி நிற்பது விளிம்பு. ஓரம் என்பது வேறு. விரலால் உருட்டும்போது வரிவரியாகத் தட்டுப்படுகிறதே, அது. உருவமும் எழுத்தும் இல்லாத வெற்றிடம் தளம். எந்த ஊரில் அடித்தது என்று காட்டும் பொடி எழுத்து நாணயச்சாலைக் குறி. கைமாறாமலே இருந்தது 'புழங்காதது'. மற்றதற்கெல்லாம் தேய்மானத்தைப் பார்த்துத் தரம். ஒரு சின்ன வட்டத்துக்கு இத்தனை பெயரா என்று அவருக்குச் சிரிப்பும் சந்தோஷமும் தாங்கவில்லை. இவ்வளவு காலமும் இதைக் கொடுத்து ரொட்டி வாங்கிக்கொண்டிருந்தோமே!

பாவம், நோயாளிகள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

"உங்க கடைவாய்ப் பல்லு நல்ல தரம். விளிம்பு கொஞ்சம் தேஞ்சிருக்கு, ஆனா தளம் அருமை" என்றார் ஒரு தையற்காரரிடம்.

"அப்ப பிடுங்கணுமா டாக்டர்?"

"பிடுங்கறதா? வெல்வெட்டுல வெக்கணும் சார் இதை!"

வெள்ளிக்கிழமை ஜாடியில் ஒரு அதிசயம் அகப்பட்டது. ஒரே வகை நாணயங்கள் சிலவற்றைப் புத்தகத்தின் பக்கம் போலப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றிலும் பின்பக்கத்துக் கப்பல் நேராக நின்றது. ஒன்றில் மட்டும் தலைகீழாகத் தொங்கியது. கையேட்டைப் புரட்டினார். அடிக்கும்போது அச்சு திரும்பிப்போனால் இப்படி ஆகுமாம். கிடைப்பது அபூர்வமாம்.

"அக்கா! அச்சு திரும்பிடுச்சு!"

"உனக்குத்தானே? அது திங்கக்கிழமையே திரும்பிடுச்சு."

சனிக்கிழமை மதியம் எல்லாவற்றையும் துணி விரித்துப் பரப்பினார். கறுப்பும் பழுப்புமாகக் கிடந்தன. இந்த லட்சணத்திலா அவளுக்குக் காட்டுவது? கறையைக் கண்டால் கை அரிக்கும் ஜாதி அவர். கருவிகளை அதிர்ந்தே கழுவும் மின்சாரத் தொட்டியில் எல்லாவற்றையும் கொட்டி ஓட விட்டார். பிறகு பல்லுக்கு மெருகேற்றும் ரப்பர் முனையைச் சுழலவிட்டு, பசை தொட்டு, ஒவ்வொன்றாகத் தேய்த்து வெளுத்துக்கட்டினார். பாட்டு வேறு. அந்தத் தலைகீழ்க் கப்பலுக்குத் தனி கவனிப்பு.

"கண்ணு கூசுதுடா" என்றாள் அக்கா.

அந்தப் பெருமையோடு, மிச்சமிருந்த கடைசி அத்தியாயத்தையும் முடித்துவிடலாமே என்று கையேட்டை எடுத்தார். 'பாதுகாத்தல்' என்று தலைப்பு. முதல் வரி இப்படி இருந்தது: நாணயத்தை ஒருபோதும் கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள். அதன் மேல் படிந்திருப்பது அழுக்கல்ல, பாட்டினா. வருஷக்கணக்காக உலோகத்தில் ஊறி வந்த நிறம். போனால் திரும்பாது. பிறகு எவ்வளவு அபூர்வமானாலும் அதன் தரத்தைக் 'கழுவியது' என்றுதான் எழுதுவார்கள்.

டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை.

"இதைக் கொண்டுபோய்க் கடைசியில போட்டா எவன் படிப்பான்!"

"நீயும் பல்லைப் பிடுங்கின அப்புறம்தானே எதைச் சாப்பிடக் கூடாதுன்னு சொல்றே" என்றாள் அக்கா.

டீத் தண்ணீரில் ஊறப்போட்டால் பழைய நிறம் வருமா என்று யோசித்தார். அக்கா கெட்டிலைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். "ஒரு புளுகுக்கே இந்தப் பாடு. இன்னொண்ணு வேண்டாண்டா."

ஞாயிற்றுக்கிழமை அவள் கையில் ஒரு சிறிய பூதக்கண்ணாடியுடன் வந்தாள். உட்காரவில்லை. "உங்க நாணயத்தைப் பாக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும் டாக்டர். பல்லு உடைஞ்ச அன்னிக்கு அட்டையிலருந்து பிரிச்சேனே, அந்த நாணயம் பையில இருந்துச்சு. இங்க வந்துட்டுப் போனதுலருந்து காணோம். ஆபீஸ், ரோடு, எல்லா இடமும் தேடிட்டேன். கப்பல் போட்டது. ஆனா கப்பல் தலைகீழா இருக்கும்."

டாக்டர் துணி மேலிருந்த தலைகீழ்க் கப்பலை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டார். பார்க்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் போய்விடுவாள், நாளைக்கும் அந்தக் குரல் ஜன்னல் வழியாக வரும், அதைக் கேட்கும்போதெல்லாம் இவருக்குக் கூசும். கூசிக்கொண்டே கேட்பதைவிடக் கேட்காமலே இருக்கலாம் என்று தோன்றியது.

உள்ளங்கையில் வைத்து நீட்டினார். அது கண்ணாடி போல மின்னியது.

"நான் சேக்கறவன் இல்ல. அது பொய். உங்க குரலுக்காகச் சொன்னேன். இதெல்லாம் நாற்காலி இடுக்குல கிடைச்சது. இது உங்களோடதுன்னு தெரியாது. அழுக்குன்னு நினைச்சு நான்தான் தேச்சேன். எல்லாத்தையும் தேச்சேன்."

அவள் பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். "ஊதாவும் நீலமுமா ஒரு நிறம் இருந்துச்சு" என்றாள். நாணயத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். டாக்டருக்கு அழுகை வந்தது. அழுதார்; அக்கா கைக்குட்டை கொடுத்தாள்.

திங்கட்கிழமை காலை அவர் முதல் காரியமாக ஜன்னலை மூடினார். அக்கா இரண்டாவது காரியமாக அதைத் திறந்தாள். நாற்காலியில் ஒரு வக்கீல் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தார். பாதி வேலையில் ஒலிபெருக்கி கரகரத்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. தொலைந்துபோன நாணயம் ஒன்று உரியவரிடம் வந்து சேர்ந்தது. முன்பக்கம், பளபளப்பு. பின்பக்கம், எவ்வளவு தேய்த்தும் இன்னும் தலைகீழ். தரம், கழுவியது. தன் முதல் நாணயங்களைப் பற்பசை போட்டுத் தேய்த்துப் பாழாக்கிய இன்னொருவர், இரவெல்லாம் அதை நினைத்துச் சிரித்துவிட்டு, அறிவிப்பு அறையில் காத்திருக்கிறார். கழுவியவர் உடனடியாக வந்து சேரவும்."

குரலில் விசில் இல்லை. சிரிப்பு இருந்தது.

கையுறையைக்கூடக் கழற்றாமல் டாக்டர் படிகளில் தடதடவென்று இறங்கி, சாலையைக் கடந்து, நிலையத்தை நோக்கி ஓடினார். அக்கா நிதானமாக உள்ளே வந்து வக்கீலின் வாயிலிருந்த குழாயை எடுத்து மாட்டினாள்.

"வாயை மூடிக்குங்க சார். இந்த வண்டி எப்பத் திரும்புமோ தெரியாது."