இடுப்புக்கு அடியில் ஒரு துணி

அனுசுயா மைதானத்தில் மல்லாந்து படுத்து, ஒரு கையையும் அதற்கு எதிர்க் காலையும் மாற்றி மாற்றி நீட்டிக்கொண்டிருந்தாள். பேஸ்பாலில் பந்து வீசுகிறவளுக்கு வேகம் வயிற்றிலிருந்தும் இடுப்பிலிருந்தும் வர வேண்டும், அவை தளர்ந்தால் முதுகுதான் அடி வாங்கும் என்று கோச் கொடுத்திருந்த பயிற்சி. போன வருடம் முதுகு பிடித்துக்கொண்டு மூன்று மாதம் அவள் பந்தைத் தொடவில்லை. வருகிற ஞாயிறு மாநில அணிக்குத் தேர்வு.

"நாப்பது முடிச்சிட்டேம்ட்டி."

அவள் வீசும் பந்தைப் பிடிக்கிற கேட்சர் தேஜஸ்ரீ சிரித்தாள். "ஓவர்லாக் மெஷின்ல பீஸ் தள்றாப்பல தள்ற. இங்கயும் டார்கெட்டாக்கும்?"

அனுசுயாவுக்குச் சுருக்கென்றது. சங்கரன்கோவிலிலிருந்து வந்து ஐந்து வருடமாக பனியன் கம்பெனியில், எண்ணிக்கைக்குத் தகுந்த கூலி என்கிற பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறாள். மெதுவாகச் செய்வது அவளுக்குச் சோம்பல் மாதிரிதான் தெரியும்.

தேஜஸ்ரீ அனுசுயாவின் பையிலிருந்து வியர்வை துடைக்கிற வேஸ்ட் துணியை எடுத்து, இடுப்புக்கு அடியில் நுழைத்தாள்.

"இப்பப் பண்ணு. நான் இழுக்கறேன். முதுகு தரையில அழுந்தியிருந்தா துணி வராது."

முதல் நீட்டலிலேயே துணி வழுக்கிக்கொண்டு வந்தது. மறுபடி, மெதுவாக. மூன்றாவதில் வயிறு நடுங்கியது. நான்காவதில் துணி வந்துவிட்டது.

இத்தனை மாதம் செய்த நாற்பதுகளில் ஒன்றாவது உடம்பில் சேர்ந்திருக்குமா என்று அனுசுயா யோசித்தாள்.

"பந்து போடறப்ப வலிக்குதா?" என்றாள் தேஜஸ்ரீ.

ஒரு மாதமாக அனுசுயா யாரிடமும் சொல்லாத வலி.

"வலிக்கி. நீ கேக்காம இருந்திருக்கலாம்லா?"

"வலியோட போடற பந்த நான் புடிக்கமாட்டேன் புள்ள. கோச்சுகிட்ட நீயே சொல்லிப்போடு."

அன்று முழுக்க அவள் தேஜஸ்ரீயிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுநாள் ஷிப்ட் விட்டதும் கோச்சுக்கு போன் செய்து சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தேர்வு ஆட்டத்தில் அவளுக்குப் பதிலாக வேறொருத்தி பந்து வீசினாள். அனுசுயா கோட்டுக்கு வெளியே புல்லில் படுத்தாள். துணியை இடுப்புக்கு அடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு காலாக நீட்டினாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு மூச்சு. அழுகை வந்தபோது மூச்சு தப்பியது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

இன்னிங்ஸ் மாறும்போது தேஜஸ்ரீ முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஓடிவந்து, கேட்காமலே துணியைச் சுண்டி இழுத்தாள். வரவில்லை.

"எத்தன?"

"அஞ்சு."

"அஞ்சுதானா?"

"அஞ்சுதாம்ட்டி. போ, ஒன் ஆட்டத்தப் பாரு."