அரை அங்குலம் இறங்கிக்கொடுத்த தரை

இடுப்பு மூட்டு மாற்றி வீடு திரும்பிய நாளிலிருந்து, கொத்தனாரின் மனைவி வலது காலை ஊன்றும் இடமெல்லாம் தரை அரை அங்குலம் இறங்கிக்கொடுத்தது. புது மூட்டு வைத்ததில் அந்தக் கால் அவ்வளவு நீண்டிருந்தது. சிலருக்கு இப்படி ஆவதுண்டு, இடது கால் செருப்புக்குள் ஓர் அட்டை வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தெருவில் அவள் அட்டையோடும் சாய்ந்து சாய்ந்துதான் நடந்தாள். வீட்டுக்குள் நேராக நடந்தாள். காலை எடுத்ததும் தரை ஏறிக்கொள்ளும். ஒருநாளும் அது இடது காலுக்கு ஏமாந்து இறங்கியதில்லை.

கொத்தனாருக்கு மானம் போய்விட்டது. முப்பது வருடமாக அவர் போட்ட தரைகளில், மட்டம் பார்க்கும் ரசமட்டத்தின் குமிழி நடுவை விட்டு நகர்ந்ததில்லை. சொந்த வீட்டிலேயே இப்படியா என்று கூடத்தைப் பெயர்த்து, ஜல்லி கொட்டிக் கெட்டிப்படுத்தி, சிமெண்டைத் தாராளமாக விட்டுப் புதுத்தரை போட்டார். குமிழி அசையவில்லை; தரையும் இறங்கவில்லை. மனைவிதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மூன்று வாரத்தில் அதுவும் நின்று, கட்டிலோடு கிடந்தாள். இப்படியே படுத்திருந்தால் அப்புறம் எழுந்து நடக்கவே முடியாது என்று டாக்டர் கண்டித்தார்.

"தரை நல்லாத்தான் போட்டிருக்கீங்க," என்றாள் அவள் கணவரிடம். "என் காலுக்குத்தான் அதுல எடம் இல்ல."

அன்று அவர் சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார். ரசமட்டத்தைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டார். கூடத்தின் நடுவே குந்தி, தரையைத் தடவி, கூட வேலை செய்கிறவரிடம் பேசுவதுபோல் சொன்னார்: "நான்தான் அவசரப்பட்டுட்டேன். அவ வருவா. கொஞ்சம் எறங்கிக் குடு."

தரை இரண்டு நாள் முறைத்துக்கொண்டு கிடந்தது. மூன்றாம் நாள் காலை அடுக்களையில் பாத்திரச் சத்தம் கேட்டது. கொத்தனார் கூடத்தில் நின்று அழுதார்.

பன்னிரண்டு வருடம் கழித்து, குந்திக் குந்தியே தேய்ந்த அவருடைய முழங்கால்கள் இரண்டையும் மாற்றினார்கள். வலி போயிற்று, மடக்கி உட்கார வரவில்லை. வேலைக்குக் கூப்பிடுவதை எல்லோரும் நிறுத்தினார்கள். நாற்காலியில் காலை நீட்டியபடி, கூடத்து மூலையில் விழுந்திருந்த விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து அதைப் பூசக்கூட முடியாதவன் என்ன கொத்தனார் என்று முனகினார்.

"தரைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுத்தான் பாருங்களேன்," என்றாள் மனைவி, கலவைச் சட்டியோடு வந்து நின்று.

அவர் கேட்டார். அந்த மூலை மெதுவாக அவர் இடுப்பு உயரத்துக்கு ஏறி வந்தது. அவள் சட்டியைப் பிடித்துக்கொள்ள, அவர் நின்றபடியே விரிசலை அடைத்துத் தேய்த்தார். தரை இறங்கியது.

"காயுற வரைக்கும் அந்தப் பக்கம் மிதிக்காத," என்றார் கொத்தனார். அவள் சரி என்று சுற்றிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.