பதினோராவது குட்டியின் வாய்ப்புண்

சஃபியா தொட்டால் ஆட்டின் வாய்ப்புண் அவள் விரலுக்கு வந்துவிடும், ஆட்டுக்கு வாய் சுத்தமாகிவிடும். ஒரு புண்ணுக்கு ஒரு விரல். ஆறு வாரம் அங்கே இருந்து, பொருக்குக் கட்டி, உதிரும். 1958 மழைக்காலத்தில் வானவடி கிராமத்தில் இது தெரியவந்தபோது யாரும் பெரிதாக வியக்கவில்லை. ராணுவ மைதானத்தில் ஆடு மேய்க்கத் தடை வந்திருந்தது. எல்லோருக்கும் அதுதான் பேச்சு.

நோய் பரவியது அவள் கணவன் யாகூப் செய்த தவறால். முதல் குட்டியின் உதட்டில் பொருக்கு கண்டதும், மேலப்பாளையத்தில் அவன் வாப்பா செய்ததைப் போலவே கல்லுப்பு வைத்துத் தேய்த்து உரித்து, பட்டியிலேயே உதறினான். பத்து நாளில் பதினொரு குட்டிகளுக்கும் வாய் வெடித்தது. மடியில் வாய் வைக்க முடியாமல் பட்டினி கிடந்தன. கால்நடை டாக்டர் அனந்தராமன் வந்து பார்த்தார்.

"என்ன பாய், உரிச்சுப் பட்டி பூரா விதைச்சிருக்கீரே! இதுக்கு மருந்து கிடையாது. தானா ஆறணும். அதுவரைக்கும் குட்டி உயிரோட இருந்தாச் சரி."

சஃபியாவுக்கு அப்போது கைக்குழந்தை. சுலைஹா பிறந்து நாற்பது நாள். புண்ணுள்ள கையால் பிள்ளையைத் தொடக் கூடாது என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். அவள் ஒரு பகல் முழுக்கப் பட்டி வாசலில் நின்றாள். பிறகு உள்ளே போய் ஒவ்வொன்றாகத் தொட்டாள். பத்து குட்டிகள் எழுந்து பால் குடித்தன. அன்றிலிருந்து நாத்தனார் ரஹ்மத்துன்னிசாதான் பிள்ளையைத் தூக்கி அவள் மார்பில் பிடித்தாள். சஃபியா கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏ மைனி, பத்தையும் பெத்தது ஆடா, நீயா? சொல்லிரு, பேரு வைக்கணும்."

பதினோராவது மிச்சமிருந்தது, விரல் மிச்சமில்லை. கன்னத்தால் தொட்டால் புண் கன்னத்துக்கு வரும். பிள்ளையைத் தொட்டுக் கொஞ்ச அவளுக்கு மிஞ்சியிருந்தது அந்தக் கன்னம் ஒன்றுதான்.

"விட்டுரு புள்ள. ஒண்ணுதான, போவட்டும்," என்றான் யாகூப்.

"ஒண்ணுதானன்னுதான் மொதக் குட்டியையும் உரிச்சீங்க."

அவன் குட்டியைத் தூக்கி வந்து அவள் முன் பிடித்தான். அவள் இடக்கையை வீட்டுச் சுவரில் ஊன்றிக்கொண்டு வலக்கையைக் குட்டியின் உதட்டில் வைத்தாள். எங்கே போகுமென்று அவளுக்கும் தெரியாது. புண் விரல் விரலாக இடம் தேடிவிட்டு முழங்கை ஏறி, தோள் ஏறியது. நெஞ்சைக் கடக்கும்போது அவள் மூச்சை நிறுத்திக்கொண்டாள். அது நிற்காமல் மறு கை வழியாக இறங்கிச் சுவரில் உட்கார்ந்தது.

சுவரும் ஆறு வாரம் பொருக்குக் கட்டியது. டாக்டர் அதைச் சுரண்டி, கிளிசரினில் அரைத்து, நோய் வராத இருநூறு ஆடுகளின் உள்தொடையில் தடுப்பு மருந்தாகக் கீறி வைத்தார். அவற்றில் ஒன்றுக்கும் வாய்ப்புண் வரவில்லை. பதிவேட்டில் 'பொருக்கு எடுத்த இடம்: யாகூப் வீட்டு வடக்குச் சுவர்' என்று எழுதினார். சஃபியாவின் கடைசி விரல் ஆறிய அன்று பிள்ளை அவள் கையில் வந்ததும் அந்நியர் கை என்று வீறிட்டது. அவள் இறக்கிவிடவில்லை; மதியத்துக்குள் அது அந்த விரலையே பிடித்துக்கொண்டு தூங்கியது.

அதன்பின் அறுபதுகள் முழுக்க, மழைக்கு முன் கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவர்கள் ஆடுகளின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, அந்தச் சுவரையும் தடவிப் பார்த்து, 'நலம்' என்று எழுதிவிட்டுப் போனார்கள்.