உன் ஆறா, ஊர் ஆறா

தெரு முழுக்க அவளை டைம்டேபிள் என்றுதான் சொல்லும். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. ஒரு கம்பெனியில் மேனேஜருக்கு உதவியாளர் வேலை. இந்த வருஷத்துக்குள் ஆபீஸ் சூப்பிரண்டெண்ட் ஆகிவிட வேண்டும் என்று மஞ்சள் சீட்டில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறாள். குடை இரவல் கேட்கப் போனவர்கள் கண்ணில் பட்டதுதான். யாரும் வேண்டுமென்று எட்டிப் பார்க்கவில்லை.

மேனேஜர் தங்கமான மனிதர். நேரத்துக்கு வருவது மட்டும் அவர் ஜாதகத்தில் இல்லை. அதற்கு இவள் கண்ட மருந்து: பத்து மணிக் கூட்டத்தை அவர் காலண்டரில் ஒன்பதரை என்று போடுவாள். அவர் தாமதமாகிவிட்டதென்று பதறி ஓடிவருவார், பத்தாகியிருக்கும். சபையில் அவருக்கு நல்ல பெயர்.

வீட்டிலும் இதே வைத்தியம். கல்யாண வீடானாலும் கண் டாக்டரானாலும் புருஷனுக்கு அரை மணி முன்னே. அவர் என்றோ கண்டுபிடித்துவிட்டார். இவள் நேரம் சொன்னால் போதும், "உன் ஆறா, ஊர் ஆறா?" என்பார்.

கடைசியில் சூப்பிரண்டெண்ட் பதவிக்கு நேர்காணல் வந்தது. டைரக்டர் அம்மா கேள்வி கேட்பார், மேனேஜர் பக்கத்தில் உட்கார்ந்து இவளுக்காக நாலு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் வாய் திறக்காவிட்டால் பதவி கணக்குப் பிரிவுக்காரருக்குப் போய்விடும்.

காலண்டரில் குறிக்கும்போது இவள் கை நின்றது. சொந்தக் காரியத்துக்குப் பொய் சொன்னால் விளங்குமா? பதினொன்று என்று உள்ளதை உள்ளபடி போட்டுவிட்டாள்.

"அந்தாளு வந்து சேர்ந்தாப்பலதான்" என்றார் புருஷன்.

"ஒரு நாளாவது நேர்மையா இருந்து பாக்கறேனே."

"நேர்மைக்கு நல்ல நாள் பாத்தே, போ."

இவளுக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. கம்பெனி போன மாதம் மேனேஜரை நேர நிர்வாகப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தது. அங்கே நாள் முழுக்க எங்கே போகிறோம், எப்போது போகிறோம் என்று குறிக்கச் சொன்னார்கள். மனிதர் குறித்தார். தான் எவ்வளவு தாமதமாகப் போனாலும் கூட்டம் தான் போன பிறகே ஆரம்பிப்பதைக் கவனித்தார். முதலில் மரியாதை என்று மகிழ்ந்தார். பிறகு விஷயம் புரிந்தது. மூச்சு விடவில்லை. இவள் போட்ட நேரத்தோடு அரை மணியைக் கூட்டிக்கொண்டு, டாண் என்று வரத் தொடங்கினார். வருகிற நேரம் பழைய நேரமேதான், அதனால் இவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

நேர்காணல் பதினொன்றுக்கு ஆரம்பித்தது. பக்கத்து நாற்காலி காலி.

"உங்க மேனேஜர் எங்க? அவர் நேரத்தைப் பாத்துக்கறது நீங்கதானே?" என்றார் டைரக்டர் அம்மா.

"வந்துடுவார், மேடம்."

முன்னுரிமை, இலக்கு, திட்டமிடல் என்று கேள்விகள் வந்தன. இவள் தண்ணீர் பட்ட பாடாகப் பதில் சொன்னாள். அவ்வளவையும் அந்தக் காலி நாற்காலி பொய்யாக்கிக்கொண்டிருந்தது.

கேள்விகள் தீர்ந்து, டைரக்டர் அம்மா பேனாவை மூடியபோது மேனேஜர் நுழைந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்துட்டேன். அதுக்குள்ள ஆரம்பிச்சாச்சா?"

"பதினொண்ணுக்கு வரச் சொன்னேன்" என்றார் டைரக்டர் அம்மா.

"இவங்க பதினொண்ணு போட்டா பதினொண்ணரைன்னு அர்த்தம், மேடம். பிரமாதமான ஏற்பாடு. இவங்க இல்லேன்னா நான் ஒரு கூட்டத்துக்கும் போய்ச் சேர்ந்திருக்க மாட்டேன்." நற்சான்று கொடுப்பதாகத்தான் அவர் நினைப்பு.

டைரக்டர் அம்மா இவளைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் கூட்ட அழைப்புகளை அனுப்புகிறவள் இவளே.

"எனக்கும் இப்படித்தானா?"

பொய் சொல்லலாம். ஆனால் அன்றைக்கு நேர்மை விரதம்.

"உங்களுக்குப் பத்து நிமிஷம்தான், மேடம்."

டைரக்டர் அம்மா வெகுநேரம் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இத்தனை வருஷமா நான் நேரம் தவறாதவள்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றார்.

மறுநாள் உத்தரவு வந்தது. பதவி இவளுக்கு, ஆறு மாதம் சோதனைக் காலம். இனி எல்லாருக்கும் உண்மை நேரம் மட்டும்.

இவள் ஆபீஸிலிருந்தே புருஷனுக்குப் போன் போட்டாள். "கிடைச்சிருச்சுங்க. ஆறு மணிக்கு வெளியில சாப்பிடப் போலாம், ரெடியா இருங்க."

"உன் ஆறா, ஊர் ஆறா?"

"ஊர் ஆறுதான். இனிமே எப்பவும் ஊர் ஆறுதான்."

"சரி சரி" என்றார் அவர், அனுபவஸ்தர்.

ஆறு மணிக்குப் பட்டுப்புடவையும் கைப்பையுமாக டைம்டேபிள் கேட்டருகே நின்றதைத் தெருவே பார்த்தது. உள்ளே குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம். ஆறரைக்கு அவர் தலை சீவி, செண்ட் அடித்து, பெருமையாகப் படியிறங்கினார்.

"பாத்தியா, டாண்ணு வந்துட்டேன்."