ஜெகன் சாப்பிட்ட நேரம்

ஜெகன் இறந்து ஒரு வருடம் ஆன பிறகும் அவனுடைய கணையச் செல்கள், கும்மிடிப்பூண்டியில் அவன் வேலை பார்த்த உருக்காலையின் மதியச் சாப்பாட்டுச் சங்கு ஊதினால் இன்சுலின் சுரந்தன. மற்ற நேரங்களில் எவ்வளவு குளுக்கோஸ் விட்டாலும் சும்மா கிடந்தன.

கவரப்பேட்டை அருகே லாரி மோதி அவனுக்கு மூளைச்சாவு ஏற்பட்டபோது அம்மா ஞானம்மா உறுப்பு தானத்துக்குச் சம்மதித்தாள். சிறுநீரகங்களும் கண்களும் ஆட்களுக்குப் போயின. யாருக்கும் பொருந்தாத கணையம் ஆராய்ச்சிக்கு வந்தது. வந்த இடம், ஆலைச் சங்கு கேட்கும் தூரத்தில் அவன் அக்கா கிறிஸ்டினா வேலை பார்த்த ஆய்வகம். சர்க்கரை நோயில் இன்சுலின் சுரக்கும் செல்கள் ஏன் களைத்துப்போகின்றன என்பதைப் படிப்பு முடித்த காலம் முதல் ஆராய்ந்துவந்தவள் அவள். வேறு யாரிடமாவது கொடுத்துவிடச் சொன்னார்கள், மறுத்துவிட்டாள். இப்படிப்பட்ட செல்கள் ஆய்வகத் தட்டில் சில வாரங்களே தாங்கும். ஜெகனுடையவை தாங்கின. தினமும் வீடு திரும்பியதும் ஞானம்மா, "இன்னிக்கு சாப்ட்டானா?" என்று கேட்பாள். கிறிஸ்டினா, "சாப்ட்டாம்மா" என்பாள்.

அவள் கட்டுரை எழுதினாள். சரிபார்க்க ஐதராபாத்துக்கு அனுப்பிய செல்கள் அங்கே எதற்கும் அசையவில்லை. ஆய்வகத் தலைவர் அன்புசெல்வன் அவளை அழைத்தார்.

"அந்தச் சங்கு வரிய மட்டும் எடுத்துடும்மா. மீதியெல்லாம் தங்கம். ஒன் வேலைய நீட்டிக்கணும்னா பேப்பர் வந்தாகணும்."

"அது ஒண்ணுதான் சார் நெஜமா நடந்தது."

வரியை எடுக்கவில்லை. கட்டுரை திரும்பி வந்தது. அதே மாதம் ஆலையில் சங்கை நிறுத்திவிட்டு விரல் வைத்து நேரம் பதியும் இயந்திரம் பொருத்தினார்கள். செல்கள் சுரப்பதை நிறுத்தின. நடுவில் கருத்து, ஓரத்தில் உதிரத் தொடங்கின. பதிவுசெய்து வைத்திருந்த சங்கொலியைப் போட்டுப் பார்த்தாள். பயனில்லை. வீட்டில் மட்டும் "சாப்ட்டாம்மா" என்றே சொல்லிவந்தாள். ஞானம்மா ஒருநாள் அவள் முகத்தைப் பார்த்தாள். எழுந்து போய் யாருக்கோ போன் செய்தாள்.

மறுநாள் மதியம் ஆய்வக வாசலில், ஜெகனோடு வேலை பார்த்த பழவேற்காட்டு ரஃபி டிபன் கேரியருடன் நின்றான்.

"ஞானம்மா ஆயா அனுப்புச்சிக்கா. சங்கு ஊதுனா அவன் எங்க வந்தான்? மிசின கட்டிப் புட்ச்சிக்கினு நிப்பான். நாந்தான் போயி இட்டாருவேன்."

உள்ளே உணவு கொண்டுவரக் கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியவளே கிறிஸ்டினாதான். கதவைத் திறந்துவிட்டாள். ரஃபி செல்கள் இருந்த பெட்டியின் முன் முக்காலியில் உட்கார்ந்து மூடியைக் கரண்டியால் தட்டினான்.

"இன்னா மாமே, சங்கு இல்லன்னா பசிக்காதா ஒனக்கு? எறா கொழம்புடா. சீக்கிரம் வா, எனக்கு ஷிப்டுக்கு டைமாவுது. அப்பறம் காலி சட்டியத்தான் நக்கணும்."

அன்றைய பரிசோதனையில் இன்சுலின் இருந்தது. அந்த வாரத்துக்குள் கருமையும் குறைந்தது.

கிறிஸ்டினா கட்டுரையின் செய்முறைப் பகுதியைத் திருத்தினாள். குளுக்கோஸ் விட்ட பிறகு நண்பர் ஒருவர் சாப்பிடக் கூப்பிட வேண்டும் என்று எழுதி, சங்கு வரியையும் வைத்தே மறுபடி அனுப்பினாள். அதுவும் திரும்பி வந்தது. வேலை நீட்டிக்கப்படவில்லை. ஆனால் அந்தச் செல்களைப் பார்த்துக்கொள்ள வேறு எவரும் முன்வராததால், சம்பளமில்லாமல் வந்துபோக அனுமதித்தார்கள். பிழைப்புக்கு மாலையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் போகிறாள்.

ரஃபி ஊரில் இல்லாத நாட்களில் போனில் கூப்பிடுகிறான். அப்போது சுரப்பு சற்றுத் தாமதமாகிறது. குழம்பு வாசனை இல்லாதது காரணமா என்று கிறிஸ்டினா இன்னும் சோதிக்கவில்லை. அப்படி ஒரு நாள் ஞானம்மா வழக்கம்போலக் கேட்டாள்.

"சாப்ட்டாம்மா. கொஞ்சம் லேட்டு."

"அவன் என்னிக்கு நேரத்துக்குத் துன்னான்" என்று சொல்லிவிட்டு ஞானம்மா மகளுக்குத் தட்டு எடுத்துவைத்தாள்.