ஷாஃப்டைத் தூக்க ஓர் ஆள்

எதெல்மிரோவின் பட்டறைக்குள் யார் காலடி வைத்தாலும் அவர் கை தானாக ஒரு வேலை செய்யும். மேசை மேல் கிடக்கும் பச்சைத் துணியை இழுத்து, வெட்டிக்கொண்டிருக்கும் இரும்புத் தட்டை மூடிவிடும். இதில் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். தீவு முழுக்க, பந்தயக் காருக்கு ரோட்டரி என்ஜின் கட்டும் எந்தப் பட்டறையிலும் இதுதான் வழக்கம். காற்று நுழையும் வாயை எந்த வளைவில், எவ்வளவு அகலமாக வெட்டுகிறான் என்பதில்தான் ஒருவனுடைய குதிரைத்திறன் முழுவதும் இருக்கிறது. அதை ஊருக்குக் காட்ட அவனுக்கென்ன பைத்தியமா?

யதீரா வந்தபோதும் மூடினார். காமுய் ஊரில் டயர் கடை வைத்திருப்பவள். பிக்கப் வண்டியின் பின்னால் ஒரு என்ஜினைக் கயிற்றால் கட்டிக் கொண்டுவந்திருந்தாள்.

"எதுக்கு மூடுறீங்க மாஸ்டர்? நான் டயர்காரி. பார்த்தாலும் ஒண்ணும் புரியாது."

"டயர்காரி கையிலயும் போன் இருக்கு. போட்டோவுக்குப் புரிஞ்சா போதும்."

"உங்களை நம்ப வைக்கிறதுக்கு ரேஸே ஜெயிச்சுடலாம்." அவள் கயிற்றை அவிழ்த்தாள். "கையால சுத்துனா மூணு மூச்சு வரணும்ல? ரெண்டுதான் வருது. மூணு வாரத்துல சலினாஸ் ரேஸ்ல ஓட்டியாகணும்."

"யாரு கட்டுனது?"

"எஃப்ராயின். போன வருஷம் அவர் போய்ச் சேர்ந்தாரில்ல, காரை அவர் பொண்டாட்டிகிட்ட வாங்கினேன்."

எதெல்மிரோவின் முகம் சுண்டிவிட்டது. அந்தப் பெயரை அவர் பட்டறையில் ஆறு வருஷமாக யாரும் சொன்னதில்லை. சொல்ல அங்கே யாரும் இல்லை என்பதும் உண்மை. என்றாலும் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த என்ஜினுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆறு வருஷமாக ஏங்கியவர் அவர்.

நேலோ போனது அந்த என்ஜினால்தான்.

பத்தொன்பது வருஷம் இவர் கட்டினார், நேலோ ஓட்டினான். கார்க் கண்ணாடியில் இரண்டு பேர் பெயரும் இருக்கும். கட்டும்போதும் நேலோ பக்கத்தில் இருப்பான். ரோட்டரி என்ஜினைத் தட்டு தட்டாக அடுக்கித்தான் கட்டவேண்டும். நடுத்தட்டை இறக்கும்போது மட்டும் ஒருவனுக்கு இரண்டு கை போதாது. ஒருவர் தட்டைப் பிடிக்க, இன்னொருவர் நடுவில் செல்லும் தண்டை, ஷாஃப்டை, ஒரு கட்டைவிரல் உயரம் தூக்கிக் கொடுக்கவேண்டும். அந்த ஒரு நிமிஷம் இரண்டு பேரும் பேச மாட்டார்கள். "தூக்கு" என்பார் இவர். நேலோ தூக்குவான். தட்டு வந்து உட்கார்ந்ததும் காப்பி.

ஆறு வருஷத்துக்கு முன் சலினாஸில், பந்தயத்துக்கு நிற்கும் வரிசையில், போட்டிப் பட்டறைக்காரன் எஃப்ராயினின் கார் நின்ற இடத்திலேயே உறுமியது. எதெல்மிரோ கையில் வைத்திருந்த ரொட்டியைக் கீழே போட்டுவிட்டார். அந்தத் திக்கல், அந்தத் துடிப்பு, அது அவருடைய வெட்டு. பெற்றவனுக்குப் பிள்ளையின் அழுகை தெரியாதா? அந்த வளைவு தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர். ஒருவர் இவர், மற்றவன் நேலோ. கணக்குப் போட வேறு யாரும் தேவைப்படவில்லை.

மறுநாள் காலை நேலோ இரண்டு கோப்பைக் காப்பியோடு வந்தான். எதெல்மிரோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. கை நீண்டது, துணியை இழுத்தது, தட்டை மூடியது. நேலோ துணியைப் பார்த்தான். இவர் முகத்தைப் பார்த்தான். இரண்டு கோப்பையையும் ஜன்னல் ஓரம் வைத்துவிட்டுப் போய்விட்டான். அடுத்த மாதமே குடும்பத்தோடு ஃப்ளோரிடாவுக்குப் போனதாகக் கேள்வி. திருடியவன் ஓடத்தானே செய்வான் என்று எதெல்மிரோ தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். இவருடைய ஆத்திரம் ஆறு வருஷம் ஆறாமல் இருந்தது.

யதீரா போனதும் கதவைச் சாத்திவிட்டு என்ஜினைப் பிரித்தார். மூச்சு வராத காரணம் உடனே கிடைத்தது. உள்ளே சுழலும் முக்கோணச் சுழலி ஒன்றின் முனையில் இருக்கும் இரும்பு நாக்கு உடைந்திருந்தது. அது சின்ன வேலை. பிறகு நடுத்தட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார்.

வெட்டு அவருடையதேதான். வாய்க்குள் இரண்டு ஆணிப்புள்ளிகள், அவர் எப்போதும் வைக்கும் அடையாளம், பக்கம் பக்கமாக இருந்தன. யாரோ பார்த்து வெட்டிய நகல் இல்லை, அவர் கையாலேயே வெட்டிய தட்டு. வாயின் மேல் விளிம்பில், தண்ணீர் ஓடும் பாதைக்குள் ஓர் ஓட்டை விழுந்து, அதை எஃப்ராயின் பசை வைத்து அடைத்திருந்தான். பத்து விநாடிக்குள் முடிந்துவிடும் பந்தயத்தில் என்ஜினைக் குளிரவைக்கத் தண்ணீர் எதற்கு? அவனுக்கு அது போதுமானதாக இருந்திருக்கிறது.

எதெல்மிரோ ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அந்த ஓட்டை அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அந்தச் சலினாஸ் பந்தயத்துக்கு முந்திய வருஷம், நேலோ ரொட்டி வாங்கப் போயிருந்த நேரம், கிரைண்டர் ஒரு மயிரிழை ஆழமாக இறங்கிவிட்டது. கெட்டுப்போன தட்டைச் சம்மட்டியால் உடைத்துத்தான் பழைய இரும்புக்குப் போடவேண்டும், அடுத்தவன் எடுத்துப் பார்க்காதபடி. உடைத்தால் சத்தம் கேட்கும். நேலோ வந்து என்ன உடைக்கிறாய் என்பான். மாஸ்டர் கை தவறியது தெரிந்துவிடும். அந்த வெட்கத்தில் தட்டை முழுசாகவே பழைய இரும்புக் குவியலின் அடியில் செருகினார். சனிக்கிழமை லாரி வந்து அள்ளிக்கொண்டு போனது. பழைய இரும்புக் கடையில் எஃப்ராயின் அதைப் பொறுக்கி எடுத்திருக்கவேண்டும்.

விற்றவனும் இல்லை, திருடியவனும் இல்லை. எல்லாம் தன் கை.

அவர் அழுதார். அழுகையை மூடத் துணி தேவைப்படாத இடம் அது. பிறகு முகம் கழுவிக்கொண்டு, பேக்கரியில் இருக்கும் நேலோவின் அக்காவிடம் போய் எண் வாங்கி வந்தார். அவள் எண்ணை எழுதிக் கொடுத்தாளே தவிர முகம் கொடுக்கவில்லை.

"யாரு?" என்றது போனில் நேலோவின் குரல். பின்னால் பஸ் என்ஜின் ஓடும் சத்தம்.

"நான்தான்டா."



"இன்னும் இருக்கியா நீ?"

"இருக்கேன். எஃப்ராயின் என்ஜினைத் திறந்தேன்டா. உள்ள இருக்கிறது என் தட்டு. நான் ஓட்டை போட்டு, உனக்குத் தெரியாம ஒளிச்ச தட்டு. நீ என் வெட்டை அவன்கிட்ட வித்துட்டன்னு நெனச்சேன்."

"தெரியும். துணியை இழுத்தியே, அப்பவே தெரிஞ்சுது."

"ஏன்டா ஒரு வார்த்தை கேக்கல?"

"என்னத்தைக் கேக்க? பத்தொன்பது வருஷம் அந்தத் துணியைத் தொவைச்சவன் நான்டா."

"மன்னிச்சுடு" என்றார் எதெல்மிரோ, மிகவும் தாமதமாக.

"சரி விடு. இப்ப யாரு ஷாஃப்டைத் தூக்குறா?"

"கட்டை வச்சுக்கிறேன். கொய்யாக் கட்டை. உன் கட்டைவிரல் உயரத்துக்கு அறுத்தது."

"பரவால்ல. அது காப்பி கேக்காது."

"திரும்பி வாயேன்டா."

"எங்க வர்றது? நைதாவுக்குப் பொண்ணு பொறந்திருக்கு. எட்டு மாசம் ஆச்சு. நான் இல்லாட்டி தூங்க மாட்டேங்குது."

நைதா நேலோவின் மகள், இவருக்கு ஞானமகள். தேவாலயத்தில் ஞானஸ்நானத்தின்போது அவளைக் கையில் ஏந்தி நின்றவர் இவர்தான். எட்டு மாதமாக யாரும் இவருக்குச் சொல்லவில்லை.

"பஸ்ஸை எடுக்க நேரமாச்சு" என்றான் நேலோ. "பார்த்து வெட்டு. ஆழமா போகாத." போன் அடங்கியது.

எதெல்மிரோ பச்சைத் துணியை எடுத்து மடித்து, குப்பைத் தொட்டியில் போட்டார். பட்டறையின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்துவைத்தார். யதீராவின் என்ஜினுக்குப் புதிய நடுத்தட்டு ஒன்றை மேசையில் வைத்து, தெருவைப் பார்த்தபடி வாயை வெட்டத் தொடங்கினார். யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளட்டும்.

இரண்டு வாரம் மேசை அப்படியே திறந்து கிடந்தது. பால் லாரி போனது, வந்தது. ஒருவரும் உள்ளே எட்டிப்பார்க்கவில்லை. என்ஜினை அடுக்கும் நாள் வந்ததும், ஷாஃப்டின் அடியில் கொய்யாக் கட்டையைச் செருகி, தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார்.

"தூக்கு" என்றார், பழக்கத்தில். பிறகு தட்டை இறக்கினார்.