அருவிக்கரையில் நின்றவன்

ஓடையை ஒட்டியே மேலே நடந்தால் அருவி வந்துவிடும், வழி தவறாது என்று சுவாதிதான் சொல்லியிருந்தாள். கார்த்திகை மழை விட்டிருந்தது. செஞ்சியிலிருந்து வளவனின் பைக்கில் மலையடிவாரம்வரை வந்து, இருவரும் காலையிலேயே நடக்கத் தொடங்கினார்கள். அவன் பெண் பார்த்துவிட்டுப் போய் ஒரு மாதம் ஆகியும் அவள் சரி என்று சொல்லவில்லை. "ஒரு நாள் பேசிப் பாத்துட்டு சொல்லு" என்று அவள் நைனாவே அனுப்பிவைத்திருந்தார்.

வளவனுக்கு வல்லத்தில் அரசாங்க வேலை. அதிகம் பேசமாட்டான். ஓடையைக் கடக்க வேண்டிய இடங்களில் ஒவ்வொரு கல்லையும் காலால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைத்தான். அக்கரையில் நின்ற சுவாதி, இவனோடு எங்கே போனாலும் இப்படிக் காத்திருக்க வேண்டிவரும் என்று நினைத்துக்கொண்டாள். அதில் அவளுக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை.

உருண்டைப் பாறைகளின் இடுக்கிலிருந்து அருவி விழுந்துகொண்டிருந்தது. கீழே ஆழமான மடு. அவலூர்பேட்டையிலிருந்து வந்திருந்த தாண்டவராயன் என்பவர் குளித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி பாறைமேல் உட்கார்ந்து புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பாசியில் அவருக்குக் கால் வழுக்கியது. தலை ஒருமுறை மேலே வந்தது, பிறகு கை மட்டும்.

மனைவி அலறிக்கொண்டு ஆள் கூப்பிடக் கீழே ஓடினாள். சுவாதி செருப்பைக்கூடக் கழற்றாமல் குதித்தாள். சிங்கவரத்தில் கழனிக் கிணற்றில் நீந்திப் பழகியவள். அவர் தலைமுடியைப் பற்றி இழுத்துக்கொண்டு வந்தாள். வளவன் நின்ற இடத்திலேயே நின்றிருந்தான். அவள் பாறையை எட்டிய பிறகுதான் குனிந்து இருவரையும் மேலே தூக்கிவிட்டான்.

தாண்டவராயன் தண்ணீரைக் கக்கிவிட்டு மூச்சு வாங்கினார். இரண்டு ஆட்களோடு திரும்பி வந்த மனைவி, நேராக வளவனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க ஊட்டுக்காரர காப்பாத்திட்ட தம்பி. நீ நல்லா இருக்கணும்."

"நான் இல்லக்கா. இவங்கதான் குதிச்சாங்க. எனக்கு நீச்சல் தெரியாது, பயந்து நின்னுட்டேன்."

வந்தவர்களில் ஒருவர் சிரித்தார். "இன்னாப்பா, பொண்ணு குதிக்குது, நீ வேடிக்க பாத்தியா?"

"ஆமாண்ணா."

அவன் முகம் சுண்டிப்போயிருந்தது. ஆனாலும் வேறு காரணம் எதையும் தேடவில்லை. துண்டால் தாண்டவராயனின் முதுகைத் துடைத்துவிட்டான்.

இருவரும் ஓடையை ஒட்டிக் கீழே இறங்கினார்கள்.

"நீச்சல் கத்துக்கலாம்னு தோணலியா?" என்று அவள்தான் கேட்டாள்.

"தோணும். தண்ணிய பாத்தா காலு நடுங்கும்."

"எங்க கெணத்துல படி அகலமா இருக்குது."

அவன் சரி என்று தலையை ஆட்டினான்.

வீட்டு வாசலிலேயே நைனா கேட்டார்: "இன்னாமா சொல்ற?"

"தை மாசமே வச்சிக்கலாம் நைனா."

துணியெல்லாம் ஏன் ஈரம் என்று அம்மா கேட்டாள். பசிக்கிறது, சாப்பிட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று சுவாதி உள்ளே போனாள்.